இறக்குமதியால் வேலை போன தையல்காரர்களுக்கு அமெரிக்க அரசு தந்த உதவி: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நூல்கண்டு:

டிரேடு அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ், சுருக்கமாக டிஏஏ. 1962-ல் கென்னடி காலத்துச் சட்டத்தில் தொடங்கிய திட்டம். வெளிநாட்டுத் துணி வந்து குவிந்ததால் வேலை போனவர்களுக்குப் படிப்புச் செலவும், படிக்கும் காலத்துக்கு வாரப் பணமும் தந்தது. அதைப் பெற்றவர்களோ பக்கத்திலிருந்து பார்த்தவர்களோ இங்கே இருந்தால் எழுதுங்களேன். முதலில் என் பங்கு.

வட கரோலினாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பெரியவர்களுக்கு அடிப்படைக் கணக்கு எடுத்தேன். வெளிநாட்டுத் துணி இவ்வளவுதான் வரலாம் என்றிருந்த ஜவுளிக் கோட்டா 2005 ஜனவரி 1-ல் போன பிறகு, வகுப்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் காலம் கழித்த பெண்கள்தான். பள்ளியை பாதியில் விட்டுவிட்டு ஆலைக்குள் போனவர்கள். பின்னம் என்று போர்டில் எழுதினால் முகம் சுருங்கிவிடும். ஆனால் தையலுக்கு விடும் எட்டில் மூன்று அங்குலம் எவ்வளவு என்று கேட்டால், ஸ்கேல் இல்லாமல் விரலிலேயே காட்டுவார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் பின்னம் முழுவதையும் நடத்தினேன்.

உதவி நல்ல உதவிதான், அதை யாரும் மறுக்க முடியாது. வேலையிழப்புக் காப்பீட்டுப் பணம் தீர்ந்த பிறகும் அதே அளவு தொகை வாரா வாரம் வந்தது. பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டியவர்களுக்குக் கூடுதலாக 26 வாரம் கிடைத்தது. சிக்கல் கெடுவில்தான். வேலை போய் 16 வாரத்துக்குள், அல்லது இறக்குமதியால்தான் வேலை போனது என்று ஆலைக்கு அரசு ஒப்புதல் வந்து 8 வாரத்துக்குள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் பயிற்சியில் சேர்ந்தாக வேண்டியிருந்தது, இல்லையென்றால் பயிற்சியிலிருந்து விலக்குக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. ஒரு அம்மா வீடு மாறியிருந்தார். கெடு பற்றிய கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டது. வாரப் பணம் போயே போயிற்று. படிப்புச் செலவை மட்டும் அரசு கட்டியது. பகலில் வகுப்பு, இரவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. என் வகுப்பில் அவர் கண்ணயர்ந்தால் நான் எழுப்பியதே இல்லை.

காஜாபட்டன்:

நல்ல இழை, நன்றி. நான் இதன் மறுபக்கத்தைப் பார்த்தவன். நியூயார்க்கில் ஒரு ஆடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். அங்கே டிசைன், பேட்டர்ன் (துணி வெட்டக் காகிதத்தில் அளவு வரைவது), சாம்பிள் வேலைகள் மட்டும்தான். தைப்பது முழுக்க வெளிநாட்டில். ஒருநாள் பேட்டர்ன் பிரிவையும் அங்கேயே மாற்றிவிட்டார்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: அந்த ஒப்புதலுக்கான மனுவை முதலாளிதான் போட வேண்டும் என்று இருக்கவில்லை. தொழிலாளர்கள் மூன்று பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதுமாக இருந்தது, தொழிற்சங்கமும் போட முடிந்தது. ஒப்புதல் வந்துவிட்டால் கையெழுத்துப் போடாதவர்களுக்கும் சேர்த்துத்தான் பலன் கிடைத்தது. எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் ஆட்களைச் சேர்த்து மனு போட்டார். தொழிலாளர் துறை நிறுவனத்திடம் கணக்குக் கேட்டது, தேவைப்பட்டால் அந்த நிறுவனத்திடம் வாங்கும் கடைகளிடமும் இறக்குமதி எவ்வளவு என்று விசாரித்தது. வேலையைப் பறிகொடுத்தவர் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் பதில் 'இல்லை' என்று வந்தது. 'இந்த இடத்தில் பொருள் எதுவும் உற்பத்தியாகவில்லை' என்றார்கள். காகிதத்தில் சட்டை வரைகிறவன் சட்டை செய்கிறவன் இல்லையாம்! 2009-ல் சட்டத்தைத் திருத்தி சேவை வேலைகளையும் சேர்த்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அது பிரயோஜனப்படவில்லை. வேலை போய் ஒரு வருடத்துக்குள் மனு போட்டிருக்க வேண்டும், அந்த ஒரு வருடம் எப்போதோ கடந்துவிட்டது.

மாடிவீடு:

ஐம்பது வயது தாண்டியவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. என் பக்கத்து வீட்டு அம்மா அப்படித்தான். இந்த வயதில் புதுப் படிப்பா என்று சிரித்துவிட்டு, சம்பளம் குறைந்த ஒரு வேலையில் சேர்ந்துவிட்டார். அவருக்குக் கிடைத்தது சம்பள ஈட்டுத்தொகை. பழைய சம்பளத்துக்கும் புதுச் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அரசு தந்தது. உதாரணத்துக்கு, 24,000 டாலர் வாங்கியவர் இப்போது 18,000 வாங்கினால் வருடத்துக்கு 3,000. இரண்டு வருடத்துக்கு, மொத்தம் 10,000 டாலர் வரைதான். பெரிய தொகை இல்லை, ஆனால் வீட்டுக் கடன் தவணை தவறாமல் பார்த்துக்கொண்டது.

மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தில் பெரும்பகுதியை வரிச் சலுகையாகத் திருப்பித் தரும் ஏற்பாடும் தனியாக இருந்தது. தன் பங்கை முதலில் கட்ட வேண்டும் என்பதால் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. வருமானம் நின்றுபோனவரிடம் முதலில் நீ கட்டு என்றால் எப்படி?

கரைதாண்டி:

என் உறவுக்காரப் பெண் வேலை பார்த்த தையல் யூனிட்டை மூடப்போகிறார்கள் என்று பேச்சு. இப்போது இதற்கு மனு போடலாமா?

நூல்கண்டு:

முடியாதுங்க. திட்டத்தை நீட்டிக்காமல் விட்டதால் 2022 ஜூலை 1 முதல் புது ஒப்புதல் எதுவும் தர முடியாது. அதற்கு முன்பே ஒப்புதல் வாங்கிய ஆலை ஆட்களுக்கு மட்டும்தான் பலன் தொடர்ந்தது. மாடிவீடு சொன்ன காப்பீட்டுச் சலுகையும் 2021-உடன் முடிந்துவிட்டது. மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் மசோதாக்கள் வந்தன, எதுவும் சட்டமாகவில்லை.

அவரை அருகிலுள்ள அமெரிக்கன் ஜாப் சென்டருக்கு, அதாவது வேலை தேடுவோருக்கான அரசு உதவி மையத்துக்கு, போகச் சொல்லுங்கள். ஆலை மூடியதால் வேலை இழந்தவர்களுக்கு என்று பொதுவான பயிற்சி நிதி உண்டு. டிஏஏ அளவுக்குத் தாராளம் இல்லை, இடத்துக்கு இடம் மாறும். வேலை போன வாரமே வேலையிழப்புக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கட்டும். வீடு மாறினால் அன்றே முகவரியை மாற்றச் சொல்லுங்கள்.