கலிபோர்னியா மாநிலப் பூங்காக்களில் தன்னார்வப் பணி: போகலாமா, வேண்டாமா?

ஃப்ரீமாண்ட்வாசி
பத்தாவது படிக்கும் மகனுக்குப் பள்ளியில் சேவை மணிநேரம் காட்டணும். கூடவே நானும் போகலாம் என்று யோசனை. எனக்கு எச்-4 விசா (கணவரின் வேலை விசாவை ஒட்டி வருவது), வேலை அனுமதி கிடையாது. மாநிலப் பூங்காக்களில் என்ன மாதிரி வேலை தருவார்கள்? கேம்ப் ஹோஸ்ட் என்று, முகாம் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒன்று உண்டாமே, தங்க இடம் இலவசமாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ரெட்வுட் ரசிகன்
தாராளமாகப் போங்கள், மேடம். ஆன்யோ நுவேவோ கடற்கரைப் பூங்காவில் டிசம்பர் 15 முதல் மார்ச் கடைசி வரை யானைச் சீல் என்ற பெரிய கடல்விலங்கைப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவது பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான். சுமார் 3 மைல் நடை, பாதி மணல். இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும் ஆண் சீல் மணல்மேட்டுக்குப் பின்னால் படுத்திருக்கும், பாறை என்று நினைத்துக் கிட்டே போய்விடுவார்கள். 25 அடி தள்ளி நிற்க வைப்பதே பெரிய வேலை. உங்கள் பையனுக்குக் களை பிடுங்கும் நாட்கள் சரிவரும். 18 வயதுக்குள் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை
நான் குறுக்கே பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். 2011-இல் மாநிலப் பூங்காத் துறைக்கு 2.2 கோடி டாலர் வெட்டு என்று சொல்லி, 278 பூங்காக்களில் 70-ஐ மூடப்போவதாகப் பட்டியல் விட்டார்கள். ஊர்க்காரர்கள் பதறிப்போய் உண்டியல் குலுக்கினார்கள். 2012 ஜூலையில் பார்த்தால், அதே துறையின் கணக்குகளில் 5.4 கோடி டாலர் வெளியே சொல்லாமல் கிடந்தது. இயக்குநர் பதவி விலகினார். நாம் ஓசியில் உழைக்கத் தயார் என்று தெரிந்தால் அரசு ஏன் ஆளெடுக்கும்? பராமரிப்பு வேலைக்கு ஒருவர் சம்பளம் வாங்க வேண்டிய இடத்தில் நாம் போய் நிற்கிறோம்.

ரெட்வுட் ரசிகன்
அந்தப் பட்டியலில் ஹென்றி கோ பூங்காவும் இருந்தது, அதையும் சொல்லுங்கள். சுமார் 87,000 ஏக்கர். நன்கொடையாளர்கள் பணம் திரட்டிக் கொடுத்ததால்தான் அது மூடாமல் தப்பியது. அங்கே பார்வையாளர் மையத்தில் உட்கார்ந்து, எந்த ஓடையில் தண்ணீர் இருக்கிறது, எது வறண்டுவிட்டது என்று சொல்லி அனுப்புவது தன்னார்வலர்கள். அவர்கள் வரவில்லை என்றால் அரசு உடனே ஆள் போட்டுவிடுமா? கதவில் பூட்டுத் தொங்கும்.

கணக்குப்பிள்ளை
பூட்டுப் போடுவேன் என்று மிரட்டியே வேலை வாங்குவதைத்தான் நானும் சொல்கிறேன், சகோ. தனியார் தொண்டு அமைப்புகளே பூங்காவை நடத்தலாம் என்று 2011-இல் சட்டமே கொண்டு வந்தார்கள். சொனோமாவில் ஜாக் லண்டன் பூங்கா 2012-இலிருந்து அப்படித்தான் நடக்கிறது. நன்றாகவே நடத்துகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சுற்றி வசதியான ஊர் இருக்கிறது. வசதி குறைந்த மத்தியப் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு பூங்காவுக்கு யார் பணம் போடுவார்கள்? சீல் பற்றிக் கதை சொல்வது வேறு, கழிப்பறை கழுவுவது வேறு. முதலாவதற்குப் போங்கள். இரண்டாவதற்குச் சம்பளம் கேளுங்கள்.

விசா வரிசை
இரண்டு பேரும் எச்-4 என்றதைக் கவனிக்கவில்லை போல. மேடம், களை பிடுங்குவது, மரக்கன்று நடுவது மாதிரியான சம்பளமில்லாத பொதுத்தொண்டுக்கு வழக்கமாகச் சிக்கல் வராது. கேம்ப் ஹோஸ்ட் அப்படியில்லை. வாரத்துக்கு இத்தனை மணிநேரம் வேலை என்று பேசிக்கொண்டு, அதற்கு ஈடாகத் தங்க இடம் கிடைக்கிறது. இது கூலிதானே என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தவிர, பெரும்பாலான இடங்களில் சொந்த டிரெய்லரோ ஆர்.வி.யோ (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) கொண்டுவரச் சொல்வார்கள்.

சும்மா ஒரு அம்மா
எனக்கு உறுத்துவது வேறு. நம் ஆட்கள் பிள்ளைகளைக் காரில் இறக்கிவிட்டு, மணிநேரத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காலேஜ் அட்மிஷன் முடிந்ததும் அந்தப் பக்கமே போவதில்லை. இதற்குச் சேவை என்று பெயர் வேறு!

ரெட்வுட் ரசிகன்
எதற்காக வந்தால் என்ன, செடி வேரோடு வருகிறதா என்பதுதான் கேள்வி. ஃபிரெஞ்ச் புரூம் என்று மஞ்சள் பூப் பூக்கும் புதர், அழகுக்காகக் கொண்டுவந்தது, இப்போது மலைச்சரிவெல்லாம் பரவிவிட்டது. தீப்பிடித்தால் நன்றாக எரியும். அதைப் பிடுங்க ஒரு கருவி உண்டு. தண்டின் அடியை அதன் இரும்புத் தாடையில் கவ்வவிட்டு, நீளப் பிடியில் சாய்ந்து அழுத்தணும். மழை ஈரத்தில் முழு வேரும் வந்துவிடும். கோடையில் முறித்தீர்களோ, மறுபடி துளிர்க்கும். விதை மண்ணுக்குள் பல வருடம் கிடந்து முளைக்கும். இதற்கெல்லாம் நிரந்தர ஆள் போடு என்றால் எந்த பட்ஜெட்டும் தாங்காது, கணக்கு சார்.

கணக்குப்பிள்ளை
தாங்காது என்று சட்டமன்றத்தில் கேட்டுப் பார்த்துவிட்டா சொல்கிறீர்கள்? களை பிடுங்கப் போகிற ஒவ்வொருவரும் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதமும் போடட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஃப்ரீமாண்ட்வாசி
சரி, கேம்ப் ஹோஸ்டை விட்டுவிட்டேன். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பையனோடு களை பிடுங்கப் போகிறோம். கையுறை அங்கேயே தருவார்களா?

ரெட்வுட் ரசிகன்
பெரும்பாலும் தருவார்கள். பையன் கைக்குப் பொருந்துமா தெரியாது, ஒரு ஜோடி எடுத்துப் போங்கள்.

கணக்குப்பிள்ளை
முழுக்கைச் சட்டையும் போட்டுவிடுங்கள், மேடம். ஜனவரியில் பாய்சன் ஓக் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும், அடையாளமே தெரியாது. அந்தக் குச்சி பட்டாலும் அரிக்கும். வீட்டுக்கு வந்ததும் துணியைத் தனியாகத் துவையுங்கள்.