புதுப்பிப்பு: இண்டியானபோலிஸ் பார்த்தாச்சு

அமெரிக்காவின் கார் பந்தய மைதானமான இண்டியானபோலிஸ் ஸ்பீட்வேயில் மியூசியம் மட்டும் போதுமா, பந்தயத் தடத்தையும் பேருந்தில் சுற்ற வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டும் வேண்டும். நேரம் குறைவென்றால் தடம்தான் முதலில்.

டிவியில் தட்டையாகத் தெரியும் வளைவு, பேருந்தில் போகும்போது நன்றாகவே சாய்ந்திருக்கிறது. 9 டிகிரிக்குச் சற்று மேல். 1909-இல் 32 லட்சம் செங்கல் பாவிய தடத்தில் இப்போது கண்ணுக்குத் தெரிவது தொடக்கக் கோட்டில் ஒரு கஜம் மட்டுமே. எல்லோரும் மண்டியிட்டு முத்தமிட்டார்கள். நான் தொட்டதோடு சரி.

மியூசியத்தில் 1911-இல் முதல் 500 மைல் பந்தயத்தை வென்ற மஞ்சள் நிற மார்மன் வாஸ்ப்! பின்னால் வருவோரைப் பார்த்துச் சொல்லப் பக்கத்தில் மெக்கானிக் இல்லாததால், ஓட்டுநர் ரே ஹாரூன் கண்ணாடி பொருத்திய கார்.

தடத்தில் வேறு ஓட்டம் இருந்தால் பேருந்து போகாது. அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.