மார்க்கக் கேள்விக்கு யாரிடம் போவது: ஆலிமிடமா, அல்காரிதமிடமா?

ஓடை: அஸ்ஸலாமு அலைக்கும். இப்போது ஒரு சந்தேகம் வந்தால் கை முதலில் யூடியூபுக்குத்தான் போகிறது. அங்கே நம் கண்ணில் படுபவர் யார்? அதிக நேரம் பார்க்க வைப்பவர். 2012-லேயே யூடியூப், பார்வை எண்ணிக்கையை விட்டுப் பார்க்கும் நேரத்துக்கு முன்னுரிமை கொடுக்க ஆரம்பித்துவிட்டது. ஓர் ஆலிமுக்கு, அதாவது மார்க்க அறிஞருக்கு, இஜாஸா என்னும் கற்பிக்கும் அனுமதியைக் கொடுப்பவர் அவருடைய உஸ்தாத் (ஆசிரியர்). அவருக்கும் ஓர் உஸ்தாத் உண்டு, தவறினால் கேட்க ஆள் இருந்தது. இப்போது அந்த இடத்தில் எந்த வீடியோவைக் காட்டுவது என்று முடிவு செய்யும் ஒரு கம்பெனியின் அல்காரிதம் உட்கார்ந்திருக்கிறது. இது மார்க்கத்துக்கு ஆபத்து.

தேடல்: வ அலைக்கும் ஸலாம் சகோ. அந்தச் சங்கிலியில் அதிகாரத்தின் கை எப்போதுமே இருந்தது. உஸ்மானிய (ஒட்டோமான்) ஆட்சியில் தலைமை முஃப்தியான ஷெய்குல் இஸ்லாமை நியமித்ததும் நீக்கியதும் சுல்தான்தான். எகிப்தில் 1961-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் சட்டம் அங்குள்ள புகழ்பெற்ற மார்க்கக் கல்வி நிலையமான அல்-அஸ்ஹரை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. மாதவிடாய், குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு), கணவனின் கொடுமை பற்றியெல்லாம் ஆண்கள் நிறைந்த சபையில் வாய் திறக்க முடியாத பெண்கள் இன்று வீட்டிலிருந்தே கேட்கிறார்கள். அந்தக் கதவை மூடச் சொல்கிறீர்களா?

ஓடை: மூட வேண்டாம். ஆனால் ஃபத்வா என்னும் மார்க்கத் தீர்ப்பு கேட்பவரின் நிலைமையைப் பார்த்துச் சொல்வது. தலாக் பற்றிக் கேட்டால், என்ன வார்த்தை சொன்னார், என்ன நிலையில் சொன்னார் என்று ஃபத்வா சொல்லும் முஃப்தி முதலில் விசாரிப்பார். ஒரு நிமிட வீடியோ யாரை விசாரிக்கும்? பெரும் மார்க்கச் சட்ட அறிஞரான இமாம் மாலிக்கிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32-க்குத் “தெரியாது” என்றார் என்று ஓர் அறிவிப்பு உண்டு. அப்படிப் பதில் சொல்பவரின் வீடியோ இன்று யார் திரைக்கு வரும்?

அலைவரிசை: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். 1970-களில் எகிப்திய மார்க்கப் பேச்சாளர் ஷேக் கிஷ்கின் பயான்கள் (சொற்பொழிவுகள்) கேசட்டிலேயே அரபுலகம் முழுக்கப் பரவின. 1996-இல் அல்ஜஸீரா டிவி வந்ததும் மார்க்க அறிஞர் யூசுஃப் அல்-கர்ளாவி வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். புது ஊடகம் புது ஆலிம்களை முன்னால் கொண்டுவருவது புதிதல்ல. ஆனால் கேசட்டைக் கொடுத்தவர் நமக்குத் தெரிந்தவர். இன்று அடுத்த பயானை எடுத்துப் போடுவது யாரென்றே தெரியாது. கோபமாகப் பேசும் ஒன்றைப் பார்த்து முடித்தால், அதைவிடக் கோபமான ஒன்று வந்து நிற்கிறது.

தேடல்: அப்படியானால் உலமாக்கள் (ஆலிம்கள்) யூடியூபுக்கு வரட்டும். ஃபத்வா சொல்ல யாருக்குத் தகுதி என்று 2005-இல் அம்மான் பிரகடனம் பேசியது. 50 நாடுகளைச் சேர்ந்த சுமார் 200 அறிஞர்கள் கூடியே அதை ஏற்றார்கள். அது எத்தனை இளைஞர்களின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது?

ஓடை: வந்தால் அவர்களும் மாறிவிடுகிறார்களே, அதுதான் என் கவலை. “இதில் மத்ஹபுகளுக்குள் (மார்க்கச் சட்டப் பிரிவுகளுக்குள்) கருத்து வேறுபாடு உண்டு, ஆதாரங்கள் இவை” என்று பொறுமையாக விளக்குபவரை, “ஹராம்!” என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர் தாண்டிப் போகிறார். வீடியோ போடுபவர் யாரிடம் ஓதினார் என்பதையாவது சொல்லட்டும். குடும்பப் பிரச்சினையில் தீர்ப்புச் சொல்லாமல், நேரில் விசாரிக்கக்கூடிய முஃப்தியிடம் அனுப்பட்டும்.

தேடல்: சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். அதே கேள்வியைப் பள்ளிவாசலின் மிம்பரில் (பிரசங்க மேடையில்) நிற்பவரிடமும் கேட்போம்: எந்த ஹதீஸ், எந்தக் கிதாப், வேறு கருத்து இருக்கிறதா? போனில் படித்த பிள்ளைகள் இன்று துணிந்து ஆதாரம் கேட்கிறார்கள். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.