குண்டளா ரயில் தடத்துல சைக்கிள் மிதிச்ச கதை

பழைய ரயில் பாதையை எல்லாம் நடக்க, சைக்கிள் ஓட்டன்னு மாத்தி விட்டா என்னன்னு இங்க பேச்சு ஓடுச்சுல்ல, என் அனுபவத்தையும் போட்டுர்றேன். நமக்கு ஊரு போடி, அம்மா வழி சொந்தம் பூரா மூணாறு எஸ்டேட்டு.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன், மூணாறுல ஒரு காலத்துல ரயில் ஓடுச்சுங்க, குண்டளா பள்ளத்தாக்கு ரயில்னு பேரு. 1902ல ஒத்தைத் தண்டவாளம் போட்டு மாட்டைக் கட்டி இழுத்திருக்காங்க, 1908ல அதையே ரெண்டடி அகல லைனா மாத்தி இன்ஜின் விட்டாங்க. மூணாறுல இருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் தேயிலை வரும், அங்க இருந்து ரோப்ல தொங்கிக்கிட்டே மலை அடிவாரத்துல இருக்குற கொட்டகுடிக்கு இறங்கும், பெறகு வண்டி கட்டி போடிக்கு. டாப் ஸ்டேஷன்னு பேரு வந்ததே அதனாலதான், இப்ப போட்டோ எடுக்கப் போற பாதிப்பேருக்கு இது தெரியாது. 1924 ஜூலை வெள்ளம் அம்புட்டையும் அடிச்சுட்டுப் போயிருச்சு, திரும்பப் போடவே இல்ல. எங்க போடிக்கு ரயில் வந்ததே 1928லதான், பாருங்க, மேல இருந்தது செத்து நாலு வருசம் கழிச்சு.

போன ஜனவரில நானும் மாமா பையனும் சைக்கிளை எடுத்துக்கிட்டு மாட்டுப்பட்டி தாண்டிப் போனோம். பழைய தடம் எதுன்னு போர்டு எல்லாம் கிடையாது, கால்தான் சொல்லணும். ரோடு திடீர்னு ஏறும், தொடை கடுக்கும், ஆனா ரயில் போன தடம் மலையை ஒட்டிக்கிட்டே வளைஞ்சு வளைஞ்சு மெதுவாத்தான் ஏறும், குட்டி இன்ஜின் இழுக்கணும்ல, நாங்க கியரே மாத்தல. ஒரு லயத்து (எஸ்டேட் தொழிலாளிங்க குடியிருக்குற வரிசை வீடு) முன்னாடி மரத்துல ஒரு முழம் தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாங்க, பக்கத்துலயே அடிக்கிறதுக்கு ஒரு போல்ட்டு. அடிச்ச எடம் மட்டும் பளபளன்னு, மீதி பூரா துரு. அந்த ரயிலோடதான்னு மாமா பையன் சத்தியம் பண்ணான், எனக்கு சந்தேகம்தான்.

அங்கதான் ஒரு அம்மாச்சி தலையில விறகுக் கட்டோட எதுக்க வந்துச்சு. நாங்க ஆர்வத்துல, இதை சைக்கிள் ரோடா ஆக்குனா எப்படி இருக்கும் அம்மாச்சின்னு கேட்டுட்டோம். "ரோடு போட்டா கேட்டு போடுவான், கேட்டு போட்டா டிக்கெட்டு போடுவான், கொழுந்து எடுக்கப் போறவ நான் டிக்கெட்டு எடுக்கணுமா சாமி?"ன்னுச்சு. எங்களுக்குப் பதில் வரல. நாம என்னமோ பாழாக் கெடக்குன்னு பேசிக்கிட்டு இருக்கோம், அது தினம் நாலு தடவை நடக்குற தடம்.

இன்னொன்னு, அங்கங்க யானை லத்தி, ஒண்ணுல ஆவியே பறந்துச்சு. அதைப் பாத்ததும் மேல போற ஆசை போயிருச்சு. எஸ்டேட் எடம், காட்டு எடம்னு கலந்து கெடக்கு, கேக்காம நுழையாதீங்க. 2018 மார்ச்ல போடி பக்கத்துக் குரங்கணி மலைக்கு நடந்து போய் காட்டுத் தீயில செத்தவங்களை எங்க ஊர்ல யாரும் மறக்கல.

திரும்புறப்ப அம்மாச்சியோட விறகை என் சைக்கிள் பார்ல வச்சுக் கட்டி லயம் வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்தோம். கேரியர் இல்லாத சைக்கிளை எதுக்குடா இம்புட்டு காசு குடுத்து வாங்குனன்னு வழி பூரா ஏச்சு.

பதில்: அண்ணே, தண்டவாளத் தடம் நடைபாதை ஆனது நம்ம போடி லைன்லயே நடந்துச்சே. 2010 கடைசில அகலப் பாதையா மாத்தறதுக்காக மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினாங்க, 2023 ஜூன்லதான் திரும்ப ரயில் வந்துச்சு. நடுவுல அத்தனை வருசமும் எங்கப்பாவுக்கு அந்தத் தடம்தான் காலைல வாக்கிங், மேடு பள்ளம் இல்ல, பஸ் தொந்தரவு இல்ல. ரயில் வேணும்னு எல்லாரையும் விட ஜாஸ்தி கத்துனதும் அவருதான். இப்ப மொட்டை மாடில சுத்திக்கிட்டு இருக்காரு.