நீலகிரியின் தொடக்க ஆங்கிலேயர் கால ஆவணங்களை எங்கே தேடுவது?

கோத்தகிரி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பகுதிச் சிற்றூர்களின் நிலவரி வரலாற்றை, 1819 முதல் 1843 வரையிலான காலத்துக்குத் தொகுத்து வருகிறேன். கிரிக் 1880இல் வெளியிட்ட மாவட்டக் கையேட்டையும் பிரான்சிஸின் 1908ஆம் ஆண்டு மாவட்ட விவரச்சுவடியையும் (கெசட்டியர்) படித்துவிட்டேன். இரண்டுமே பிற்கால அதிகாரிகள் எழுதியவை. எனக்கு, அன்று கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் காலத்து மூலக் கடிதங்களே வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நீலகிரி மாவட்டம் என்று தேடியபோது அக்காலத் தொகுதிகள் அகப்படவில்லை. வழி தெரிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

உதகை வரலாற்று மாணவர்:
அம்மா, நீங்கள் தேடும் காலத்தில் நீலகிரி மாவட்டம் என்ற ஒன்றே இல்லை. மலை முழுவதும் முதலில் கோயம்புத்தூர் கலெக்டரின் பொறுப்பில் இருந்தது. 1830இல் அதன் பெரும்பகுதி மலபாருக்கு மாற்றப்பட்டு, 1843இல் மீண்டும் கோயம்புத்தூருக்கே வந்தது. தனி ஆணையர் நியமிக்கப்பட்டது 1868இல்தான். ஆகவே 1830 வரைக்கும் கோயம்புத்தூர் மாவட்டப் பதிவேடுகளையும், அதற்குப் பிந்திய பதின்மூன்று ஆண்டுகளுக்கு மலபார் பதிவேடுகளையும் கேட்டுப் பெறுங்கள். இவற்றோடு, கலெக்டர்களுக்கு மேலிருந்த வருவாய் வாரியத்தின் நடவடிக்கைப் பதிவுகளையும் கட்டாயம் சேர்த்துப் படிக்க வேண்டும். கலெக்டர் பரிந்துரைத்தது ஒன்றாகவும் வாரியம் இசைந்தது வேறொன்றாகவும் இருக்கலாம் என்பதால், கடிதத்தை மட்டும் படித்துவிட்டு ஊரில் நடந்தது இதுதான் என்று எழுதிவிட முடியாது.

சல்லிவனின் கடிதங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தோடர்களின் நில உரிமைக்காக அவர் வாதாடினார் என்பது உண்மை. அவரே உதகையில் பெருமளவு நிலம் வைத்திருந்தார் என்பதும் உண்மை. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் அந்த வாதங்களின் எடை விளங்கும்.

பழைய தொகுதிகளில் கடிதத்தின் பத்திகளுக்கு எண் இட்டு, ஓரத்தில் அவற்றின் சுருக்கத்தை எழுதியிருப்பார்கள். முதலில் ஓரக் குறிப்புகளை மட்டும் படித்துக்கொண்டே போனால் வேண்டிய இடம் விரைவில் தட்டுப்படும். சில தாள்களில் மையின் அமிலம் எழுத்தையே அரித்துத் துளையாக்கியிருக்கும். அத்தகைய ஏட்டை விரலால் தள்ளாமல், கீழே ஒரு தாளைச் செருகிப் புரட்டுங்கள்.

கிரிக்கின் கையேட்டையும் ஒதுக்கிவிட வேண்டாம். 1812இல் மலையேறிய கீஸின் அறிக்கையும், 1821இல் வார்டு எழுதிய நில அளவைக் குறிப்பும் அதன் பிற்சேர்க்கையில் அச்சாகியுள்ளன. உதகையில் 1859இல் தொடங்கப்பட்ட நீலகிரி நூலகத்தின் பழைய நூல்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கொடைக்கானல் வாசகர்:
மேலே ஐயா சொன்ன வழிதான் எங்கள் பழனி மலைக்கும் பொருந்தும். திண்டுக்கல் சீமை 1792இல் கம்பெனியின் கைக்கு வந்து பின்னர் மதுரையோடு சேர்ந்ததால், இம்மலையைப் பற்றிய தொடக்கக் காலத் தாள்களை மதுரை மாவட்டப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும். கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியவர்கள் 1845இல் வந்த அமெரிக்க மிஷனரிகள். அவர்களுடைய தலைமைச் சங்கத்தின் ஆவணங்கள் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. செண்பகனூரில் உள்ள இயேசு சபைக் காப்பகம் நமக்கு அருகிலேயே இருக்கும் பெருஞ்செல்வம். 1830களின் இறுதியில் மதுரை மிஷனைப் புதுப்பிக்க வந்த பாதிரியார்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்பதால், பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுச் செல்வது நல்லது.

கோத்தகிரி ஆசிரியை:
மிக்க நன்றி ஐயா. மலபார் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படுகர் ஊர்த் தலைவர்களான கவுடர்கள் கொடுத்த மனுக்கள் ஏதேனும் எஞ்சியிருக்குமா? ஊர்க்காரர்களின் குரல் இல்லாத வரலாற்றை எழுத எனக்கு மனம் வரவில்லை.

உதகை வரலாற்று மாணவர்:
மனுக்களுக்கென்று தனித் தொகுதியைத் தேட வேண்டாம். கலெக்டரின் கடிதத்தோடு இணைப்பாக வைக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்புகளாகவே அவை பெரும்பாலும் எஞ்சியிருக்கும். ஆதலால் எந்தக் கடிதத்தையும் கையொப்பத்தோடு நிறுத்திவிடாமல், அதற்குப் பின்னுள்ள இணைப்புகளையும் கடைசித் தாள்வரை புரட்டிப் பாருங்கள். வரித் தள்ளுபடி பற்றிய கடிதங்களிலிருந்து தொடங்கலாம்.