டிசம்பர் ஓட்டத்துல ஜெபத்துக்கு நேரம்: உங்க வழி என்ன?

கேள்வி: வைகைக்கரை

நான் ஆர்.சி. (கத்தோலிக்கம்), வீட்டுக்காரர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). டிசம்பர் பிறந்தாலே பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை, மதுரை விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்க அலைச்சல், குடில், பலகாரம், வீடு வீடாப் போய்ப் பாடுற கேரல். வேலை முடிஞ்சு வீடு சேரவே ஏழரை ஆகுது. 25-ஆம் தேதி விடியுறப்ப களைப்புதான் மிச்சம். நாளுக்குப் பதினைந்து நிமிஷம் கிடைக்கும். அதை எப்படிச் செலவழிக்கலாம்? "தினம் லூக்கா ஒரு அதிகாரம்"னு வாட்ஸ்அப்ல சுத்துதே, அது சரிப்படுமா?

பதில்: மூவேளைமணி

இயேசுவுக்கே புகழ், சகோதரி. லூக்கா நற்செய்தியில 24 அதிகாரம், 24-ஆம் தேதி வரை 24 நாள். கணக்கு பொருந்துது, காலம் பொருந்தலை. முதல் அதிகாரமே 80 வசனம். பாதிப் பேர் அங்கேயே நின்னுடுவாங்க. தாண்டிப் போனாலும் 22, 23 தேதிகள்ல கைதும் சிலுவைச் சாவும் வாசிச்சுக்கிட்டு இருப்பீங்க, பக்கத்துல பிள்ளைங்க குடிலுக்கு வைக்கோல் பரப்பும்.

லூக்கா முதல் இரண்டு அதிகாரத்தை மட்டும் எடுங்க. 80-ம் 52-ம் சேர்த்து 132 வசனம், 16-ஆம் தேதி வரை நாளுக்கு எட்டு ஒன்பது. முதல் தடவை வாய்விட்டு வாசிங்க. இரண்டாம் தடவை மெதுவா, மனசுல ஒட்டுற சொல்லுல நிறுத்தி. அந்தச் சொல்லை வச்சு ஆண்டவர்கிட்ட பேசுங்க. கடைசி இரண்டு நிமிஷம் பேசாம இருங்க. பலரும் விடுறது அந்த இரண்டு நிமிஷத்தைத்தான், ஏன்னா அதுல எதுவும் நடக்காத மாதிரி இருக்கும்.

17-ஆம் தேதியிலிருந்து இதை நிறுத்திட்டு அன்றன்றைய திருப்பலி (பூசை) நற்செய்திக்கு மாறிடுங்க. 17-க்கு மத்தேயுவின் தலைமுறைப் பட்டியல், 18-க்கு யோசேப்பின் கனவு, 19-லிருந்து 24 வரை லூக்கா முதல் அதிகாரம் துண்டு துண்டா வரும். ஏற்கெனவே வாசிச்ச பகுதிதான், ஆனா இப்ப கோவிலோடு சேர்ந்து வாசிக்கிறீங்க. பட்டியலைத் தாண்டிப் போகாதீங்க: தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி, மரியான்னு ஐந்து பெண்கள் அதுல நிக்கிறாங்க.

பதினைந்து நிமிஷமும் கிடைக்காத நாளுக்கு மூவேளைச் செபம். மூன்று சிறு வசனம், மூன்று அருள்நிறை மரியே, ஒரு முடிவுச் செபம். மூன்று நிமிஷம் தாண்டாது. வானதூதர் மரியாவுக்குச் சொன்ன மங்கள வார்த்தையும் "வாக்கு மனிதர் ஆனார்" என்பதும் அதுக்குள்ளேயே இருக்கு. மாட்டுத்தாவணி பஸ்ல நின்னுக்கிட்டே சொல்லலாம்.

பாவசங்கீர்த்தனத்தை (சாமியார்கிட்ட பாவத்தை அறிக்கையிடுறதை) முதல் இரண்டு வாரத்துலேயே முடிச்சிடுங்க, சாயங்காலப் பூசைக்கு முன்னாடி போய். கடைசி வாரம் வரிசை நீளும், சாமியார் ஆளுக்கு இரண்டு நிமிஷம்கூட ஒதுக்க முடியாது.

இன்னொண்ணு. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்கால ஞாயிறுகள்ல பூசையில "உன்னதங்களிலே" கீதம் பாட மாட்டாங்க. வீட்டுலயும் கிறிஸ்துமஸ் பாட்டை 24 ராத்திரி வரை மூடி வைங்க.

பதில்: நரிமேடு_டெனர்

ஸ்தோத்திரம். மேல சொன்ன கடைசி வரி எங்க சி.எஸ்.ஐ. பக்கம் எடுபடாது. கேரல் டிசம்பர் தொடக்கத்துலேயே கிளம்பிடும், 24 வரை வாயை மூடினா யார் பாடுறது! அக்கா, உங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டுப் போறதா இருந்தா அந்தக் கேரலையே ஜெபமா மாத்துங்க.

கெட்டுப்போறது எங்கேன்னா வீட்டு எண்ணிக்கையில. ஒரே ராத்திரியில முப்பது வீடுன்னு பட்டியல் போட்டா, பத்தாவது வீட்டுலேயே தொண்டை கட்டிடும், ஜெபம் காணிக்கை உறையை வாங்குற அவசரத்துல ஒரு வரியாச் சுருங்கிடும். தெரு வாரியாப் பிரிச்சு ராத்திரிக்குப் பத்துப் பன்னிரண்டு வீடு போதும். வீட்டுக்கு ஒரு கீர்த்தனையில இரண்டு சரணம், நாலு வசனம், அந்த வீட்டு ஆட்கள் பேரைச் சொல்லி ஒரு ஜெபம். நோயாளியும் முதியவரும் இருக்கிற வீடுகளை முதல்ல வைங்க, அவங்க ரொம்ப நேரம் முழிச்சிருக்க முடியாது. ராத்திரி பத்துக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுங்கிறது சட்டம், அதனால பத்துக்கு முடிங்க.

பதில்: அடுப்படி_மார்த்தா

எல்லாரும் வாசகத்தையே பேசுறீங்க. 24-ஆம் தேதி எண்ணெய்ச் சட்டி முன்னாடி நிக்கிறவளுக்கு நடுராத்திரிப் பூசையில கண்ணு சொருகத்தான் செய்யும்.

அதிரசத்துக்கு 19-ஆம் தேதி மாவு பிடிங்க. ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவச்சு, நிழல்ல உலர்த்தி, ஈரம் லேசா இருக்கும்போதே இடிச்சுச் சலிக்கணும். பாகைத் தண்ணியில விட்டா கையில உருட்ட வரணும். பதம் தாண்டினா அதிரசம் கல்லாயிடும், குறைஞ்சா எண்ணெயில பிரிஞ்சு போயிடும். மாவு இரண்டு மூன்று நாள் இருந்தாத்தான் மெத்துனு வரும், 22 சுட்டு முடிச்சிடலாம். முறுக்கு 21-க்கே சுடலாம், நல்லா ஆறவிட்டு டப்பாவுல அடைக்கணும். கேக்கை ஆர்டர் கொடுத்திடுங்க. 24 மத்தியானம் அடுப்பை அணைச்சிட்டு ஒரு மணி நேரம் பிள்ளைகளோட படுத்துத் தூங்குங்க.

விருந்தாளி வீடுகளை 26-க்கு மேல தள்ளுங்க. ஆர்.சி. கணக்குப்படி கிறிஸ்துமஸ் காலம் 24 சாயங்காலத்துலதான் தொடங்குது, ஜனவரியில வர்ற ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை ஓடும். பள்ளிக்கூடமும் லீவு. 26-ஆம் தேதியே நட்சத்திரத்தைக் கழட்டி வச்சிட்டு, எல்லாத்தையும் முன்னாடியே திணிக்கிறதுதான் நம்ம கோளாறு.

வைகைக்கரை

ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். நடுவுல மூணு நாள் வாசகம் விட்டுப்போனா? சின்னவனுக்கு நாலு வயசு, நடுராத்திரிப் பூசைக்கு முழிக்க மாட்டானே?

மூவேளைமணி

விட்டதைச் சேர்த்து வாசிக்க வேண்டாம். கடன் மாதிரி ஏறி நாலாவது நாள் புத்தகத்தையே தொட மாட்டீங்க. அன்றைக்கு உள்ளதை மட்டும் வாசிங்க. சின்னவனுக்கு 25 விடியற்காலைப் பூசை இருக்கு. அதுக்கு வாசகமே வேற, இடையர்கள் பெத்லகேமுக்கு விரைந்து போற பகுதி. பூசை முடிஞ்சதும் அவனைக் குடில்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அந்த நேரத்துல அங்க கூட்டம் இருக்காது.