நாட்பட்ட நோவும் ட்ரமடோலும்: மைன்ட்புல்னஸ் பயிற்சியைப் போனில் கொடுக்க என்ன வழி?

படுவான்கரை_துணை எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் உளவளத்துணை வேலை. நாரி நோவு, முழங்கால், பழைய ஷெல் காயம் என்று வருஷக்கணக்காக நோவோடு இருக்கிறவர்கள். ட்ரமடோல் (ஓபியொயிட், அதாவது அபின் மாதிரி வேலை செய்து பழக்கமாகிவிடும் நோவுக் குளிசை) இல்லாமல் பொழுது விடியாது. சிலருக்கு வைத்தியர் எழுதின துண்டு இருக்கிறது, சிலர் துண்டில்லாமலே வாங்கிப் போடுகிறார்கள். கிளினிக் மாதத்துக்கு ஒருக்காத்தான். வாராவாரம் டவுனுக்கு வாங்க என்றால், வேளாண்மை வெட்டுக் காலத்தில் ஒருத்தரும் பஸ் ஏறமாட்டார்கள். வீட்டுக்கு ஒரு அன்ட்ரொய்ட் போன் இருக்கிறது, அதுவும் பிள்ளைகளோடு பங்கு.

இவர்களுக்கு மைன்ட்புல்னஸ் (மூச்சையும் உடம்பையும் உள்ளபடி கவனிக்கும் பயிற்சி) சொல்லிக் கொடுக்க ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் போதுமா, நாங்களே பதிவு செய்து அனுப்புவதா? எந்தப் பயிற்சி, எத்தனை நிமிடம், எந்த நேரத்தில்? எதைச் செய்யக்கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

நரம்பும்_நோவும் எழுதியது:

நோவு, குளிசைப் பழக்கம் இரண்டுக்கும் சேர்த்தே உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் எரிக் கார்லன்ட் வடிவமைத்தது, சுருக்கப் பெயர் மோர். வாரம் 2 மணித்தியாலம், 8 வாரக் குழு. நாட்பட்ட நோவோடு ஓபியொயிட் மருந்தைத் தவறாகப் பாவித்த 250 பேரிடம் சோதித்து 2022இல் முடிவு வெளியானது: 9 மாதம் கழித்துப் பார்த்தபோது தவறான பாவனை சுமார் 45 சதவீதம் குறைந்திருந்தது. பிறகு நியூ ஜெர்சியில் மெதடோன் (ஓபியொயிட் பழக்கத்துக்குக் கொடுக்கும் மாற்று மருந்து) எடுக்கும் 154 பேருக்கு இதையே தொலைவழியில் நடத்தியும் பலன் கண்டார்கள். ஆனால் அங்கே நேரலையில் ஒரு பயிற்றுநர் இருந்தார், மருந்துச் சிகிச்சையும் கூடவே நடந்தது. தனியே ஒரு ஆப்பைக் கொடுத்துவிட்டு இதே பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் ஆட்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஒரே ஒரு பயிற்சிதான்: குளிசை போடுவதற்கு முன் 3 நிமிடம். குளிசையைக் கையில் எடுப்பதற்கு முன்னமே உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது. முடிவில் தன்னிடமே ஒரு கேள்வி: இப்போது என்னை இழுப்பது நோவா, அந்தரமா, இல்லாவிட்டால் வெறும் நேரப் பழக்கமா? பதில் எதுவானாலும், எழுதிக் கொடுத்த நேரத்துக் குளிசையை எழுதிக் கொடுத்தபடி போடட்டும். இதில் பலர் பிழை விடுகிறார்கள். மூன்று நிமிடத்தை ‘குளிசை போடாமல் தாங்கும் சோதனை’ ஆக்கினால் இரண்டாம் நாளே விட்டுவிடுவார்கள், அல்லது மருந்து இறங்கும் வேதனையில் மாட்டுவார்கள். அந்தக் கேள்வி உதவுவது கணக்குக்கு மேலே எடுக்கப் பார்க்கும் குளிசைக்குத்தான்.

இரண்டாவது கிழமையில் நோவை உற்றுப் பார்க்கும் பயிற்சி, 7 நிமிடம். பதிவில் எங்கள் பேச்சுத் தமிழே இருக்கட்டும்:

“இப்ப எங்க நோகுதோ அங்க கவனத்தக் கொண்டு போங்க. நாரி நோகுது எண்டு ஒரேயடியாச் சொல்லாம, அதுக்குள்ள என்ன இருக்கு எண்டு பாருங்க. எரிவா? குத்தா? இழுக்குதா? விறைப்பா? எதுல தொடங்கி எதுல முடியிது? கூடிக் குறையுதா, ஒரே மாதிரி நிக்குதா? ஒண்டையும் மாத்த வேணாம். மறுகா, உடம்புல நோகாத இடம் ஒண்டு தேடுங்க. உள்ளங்கையோ காதுமடலோ, எதெண்டாலும் சரி. அங்க கொஞ்சம் நில்லுங்க.”

ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் 10 முதல் 15 விநாடி அமைதி விடுங்கள். ‘தளர்த்துங்கள், அமைதியாகுங்கள்’ என்று கட்டளை போட வேண்டாம். விறைத்துப்போன நாரிக்காரருக்கு அது முடியாது, ‘எனக்கு இது சரிவராது’ என்ற முடிவுக்குத்தான் வருவார்.

மூன்றாவது, ருசித்தல். நீண்ட காலம் ஓபியொயிட் எடுத்தவருக்குச் சாதாரண சந்தோஷங்கள் மங்கிப்போகும் என்பதால் மோர் முறையில் இதற்குத் தனி இடம் உண்டு. பிளேன்டீயின் முதல் மிடறு, பின்னேர வாவிக்காற்று, ஒரு கரண்டி எருமைத்தயிர்: ஒரு நிமிடம் அதன் மணம், சூடு, ருசி மட்டும். இதைத்தான் விளையாட்டென்று நினைத்துத் தவிர்ப்பார்கள். விடாதீர்கள்.

படுத்துக்கொண்டு செய்ய வேண்டாம், மருந்து மயக்கத்தில் நித்திரையாகிவிடுவார்கள். பிளாஸ்டிக் கதிரை, நாரிக்குப் பின்னால் மடித்த சாரம், பாதம் நிலத்தில். நடுவில் அசைந்து உட்காரலாம்.

போன்_பழுது எழுதியது:

மேலே சொன்னதில் கைவைக்கவில்லை, போன் பக்கம் மட்டும். மெடிட்டோ என்ற ஆப் முழுக்க இலவசம், விளம்பரமும் இல்லை. ஆனால் உங்கள் ஆட்களுக்கு ஆங்கிலக் குரல் எதற்கு? நீங்களே பதியுங்கள். மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 10 நிமிடத்துக்கு 5 எம்பிக்குள் முடியும், 3 நிமிடப் பதிவு ஒன்றரை எம்பிகூட வராது. கிளினிக் நாளில் உங்கள் போனிலிருந்து புளூடூத்தில் போட்டுக் கொடுத்தால் டேட்டாவே தேவையில்லை. பதியும்போது காற்றாடியை நிறுத்துங்கள்.

ஆப்பின் நினைவூட்டலை நம்ப வேண்டாம். விலை குறைந்த அன்ட்ரொய்ட் போன்களில் பற்றரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும், மணி அடிக்காது. போனோடு வரும் அலாரமே போதும். குளிசை நேரத்துக்கு 5 நிமிடம் முந்தி வையுங்கள், பெயருக்குத் ‘தேத்தண்ணி’ என்று போடுங்கள். பிள்ளையின் கையில் போன் இருக்கும்போது ‘ட்ரமடோல்’ என்று திரையில் வந்தால் அந்த மனுஷன் அடுத்த நாளே அதை அழித்துவிடுவார்.

வட்சப் குழு வேண்டாம். ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியும், சின்ன ஊரில் அது போதும் கதை பரவ. ப்ரோட்காஸ்ட் பட்டியல் போடுங்கள், ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுந்தான் அது போய்ச் சேரும் என்பதால், முதல் நாளே அவர் போனில் நம்பரைப் பதிந்து விடுங்கள். இயர்போன் இல்லாதவருக்கு, பயிற்சியைக் குரல் செய்தியாகவே அனுப்பினால் போனைக் காதில் வைத்தவுடன் ஸ்பீக்கர் நின்று மெதுவாகக் காதுக்குள் கேட்கும்.

ஆப் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு தகவல். ஓபியொயிட் அடிமைத்தனத்துக்கென்றே அமெரிக்காவில் 2018 டிசம்பரில் அனுமதி பெற்ற ரீசெட்-ஓ என்ற ஆப்பும் பியூப்ரனோர்பின் என்ற மாற்று மருந்துச் சிகிச்சையோடு சேர்த்துப் பாவிக்கத்தான் எழுதப்பட்டது, அதுவும் 12 வாரத்துக்கு. அதை நடத்திய கம்பனி 2023இல் வங்குரோத்தானது. பதிவுகள் உங்கள் கையில் இருந்தால் அந்தப் பயம் இல்லை.

மருந்துக்கட்டு_அம்பாறை எழுதியது:

குளிசைப் பக்கம் நான் சொல்கிறேன். ட்ரமடோல் வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. வயதானவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் அதைவிடக் குறைவு. தாண்டினால் வலிப்பு வரலாம். அமிட்ரிப்டிலின், புளுவொக்ஸெட்டின் மாதிரி மனச்சோர்வு மருந்தோடு சேரும்போது அந்த ஆபத்து கூடும். அமிட்ரிப்டிலின் நரம்பு நோவுக்கும் எழுதப்படுவதால் உங்கள் பட்டியலிலேயே சிலர் இரண்டையும் எடுக்கக்கூடும், எல்லாக் குளிசை உறைகளையும் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். ப்ரீகபலின் (நரம்பு நோவு மருந்து), நித்திரைக் குளிசை, சாராயம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மூச்சு மந்தமாகும்.

பயிற்சி பிடித்துப்போய் ஒருவர் திடீரென்று குளிசையை நிறுத்துவதுதான் எனக்குப் பெரிய பயம். 12 மணித்தியாலம் தொட்டு இரண்டு நாளைக்குள் கொட்டாவி, மூக்கால் ஓடுதல், மயிர்க்கூச்சு, வியர்வை, வயிற்றுழைவு, கால் அந்தரம் தொடங்கும், பழைய நோவும் ஏறும். மூச்சுப் பயிற்சியால் அதை அடக்க முடியாது. வருஷக்கணக்காக எடுத்தவருக்கு வைத்தியர் குறைப்பதென்றால் மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, சிலருக்கு அதைவிட மெதுவாக. நிறுத்தியிருந்துவிட்டுப் பழைய அளவில் திரும்பத் தொடங்குவது இன்னும் மோசம். உடம்பு பழக்கம் விட்டிருக்கும், மூச்சு நின்றுபோகலாம். குளிசைக்குப் பதிலாக டைக்ளோபெனாக் என்ற வேறு நோவுக் குளிசையைத் தாங்களாகவே வாங்கிப் போடுகிறார்களா என்றும் கேளுங்கள். சிறுநீரகமும் வயிறும் போகும்.

உலுக்கியும் எழும்பாதவர், குறட்டைபோல இழுத்து இழுத்து மூச்சு விடுபவர், உதடு நீலமானவர், கண்மணி ஊசிமுனையானவர்: பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள். போதைப் பழக்கத்திலிருந்து விடுபடும் ஆலோசனைக்கு 1927, மனநல உதவிக்கு 1926. இந்த மூன்று நம்பரையும் வீட்டுக்காரரின் போனில் பதிந்து கொடுங்கள்.

படுவான்கரை_துணை எழுதியது:

நன்றி. இன்னும் இரண்டு. கால் இழந்தவர்களும், கண் மூடினால் சண்டைக்காலம் திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஏறாவூர்ப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம் இது மார்க்கத்துக்கு ஒத்துவருமா என்று கேட்கிறது. அதோடு, முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது?

நரம்பும்_நோவும் எழுதியது:

சண்டைக்கால நினைவு வருபவருக்கு மூச்சே ஆபத்தான இடமாக இருக்கலாம். கண் திறந்தபடி, நிலத்தில் ஒரு புள்ளியைப் பார்த்து, பாதம் தரையில் அழுந்துவதையோ வெளியே காகம் கத்துவதையோ கவனிக்கட்டும். 2 நிமிடம் போதும், அறைக் கதவும் திறந்திருக்கட்டும். நெஞ்சு படபடத்தால் நிறுத்தி, எழும்பி, முகம் கழுவலாம் என்று பதிவிலேயே சொல்லுங்கள். தொடர்ந்தும் அப்படியானால் பயிற்சியைக் கைவிட்டு, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

கால் இழந்தவருக்கு உடம்பை மேலிருந்து கீழே ஒவ்வொரு பகுதியாகக் கவனிக்கும் பதிவைக் கொடுத்தால் ‘இப்போது இடது பாதம்’ என்ற இடத்தில் மனம் அடிபடும். அவருக்கெனத் தனியாகப் பதியுங்கள். இல்லாத காலிலும் நோவு உண்மையாகவே தெரியும், அதை மறுத்துப் பேச வேண்டாம். அங்கே தெரிவது எரிவா இழுவையா என்று கேட்டுவிட்டு, இருக்கிற காலுக்கோ கைக்கோ நகரலாம்.

ஏறாவூர்க் குடும்பத்துக்கு மந்திரமும் மணியோசையும் இல்லாத பதிவைக் கொடுங்கள், முதலில் வீட்டுப் பெரியவர் கேட்டுப் பார்க்கட்டும். ‘தொழுகை முடிந்த கையோடு’ என்று நேரம் வைத்தால் அலாரமே தேவைப்படாது.

அளப்பதற்கு மூன்று கேள்வி, வாரம் ஒருக்கா, 0 முதல் 10 வரை: போன வாரம் சராசரி நோவு எவ்வளவு, வாழ்க்கையின் சந்தோஷத்தை அது எவ்வளவு கெடுத்தது, அன்றாட வேலையை எவ்வளவு தடுத்தது. மூன்றின் சராசரியில் 30 சதவீதம் குறைந்தால் அதை முன்னேற்றம் என்று எடுக்கலாம். ‘இண்டைக்கு நோவு எத்தனை?’ என்று தினமும் செய்தி போடுவது நல்லதில்லை, நாள் முழுக்க நோவையே தேடிக்கொண்டிருப்பார். தினமும் கேட்பதென்றால் கணக்குக்கு மேலே எத்தனை குளிசை போட்டார் என்று மட்டும் கேளுங்கள், எத்தனை சொன்னாலும் ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த நாளிலிருந்து பூச்சியம் என்றுதான் பதில் வரும்.

போன்_பழுது எழுதியது:

அந்தப் பதில்கள் போனில் கிடக்காமல் வட்சப்பில் ‘மறையும் செய்தி’யை 7 நாளுக்குப் போடலாம். ஆனால் அதை இயக்கியபின் நீங்கள் அனுப்பும் பயிற்சிப் பதிவும் அரட்டையிலிருந்து சேர்ந்தே மறையும். முதலில் பதிவை எம்பி3 கோப்பாகப் போனில் இறக்கி, பிளேயரில் ஒருக்கா ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, மறுகா அதை இயக்குங்கள்.